மீத்தாவைச் சொல்லாத பொட்டோசிக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பொட்டோசி வெள்ளிமலையைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1545-இல் அங்கே வெள்ளி கண்டறியப்பட்டதும், இன்றைய பொலிவியாவில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு பெருநகரம் எழுந்ததும், ஸ்பெயின் மன்னர்களின் போர்ச்செலவுக்கு அந்த வெள்ளி கைகொடுத்ததும் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால், மலையைக் குடைந்தவர்களைப் பற்றி ‘உள்ளூர்த் தொழிலாளர்கள்’ என்ற இரண்டே சொற்களோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது.

கூலிக்காகத் தாமே வந்தவர்களும் அங்கு இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும், 1570-களில், பொட்டோசியும் அடங்கியிருந்த பெருவுக்கு ஸ்பெயின் மன்னரின் அரசப் பிரதிநிதியாக இருந்த பிரான்சிஸ்கோ டி டோலிடோ வகுத்த ‘மீத்தா’ முறைப்படி, அப்பகுதியின் பூர்வகுடிகளான கெச்சுவா, அய்மாரா மக்களின் ஊர்களிலிருந்து வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் என்ற கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் கட்டாயமாக வரவழைக்கப்பட்டனர். ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் காலத்திலும் இதே பெயரில் முறைவேலை உண்டு. ஆனால் அப்போது வேலை செய்தவர்களுக்கு அரசே சோறு போட்டது. ஸ்பானியரோ பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, வயிற்றுக்கும் போதாத கூலியைக் கொடுத்தார்கள்.

சுரங்கத்துக்குள் நடந்ததை அக்காலத்து ஸ்பானியத் துறவி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். கனிமத்தைப் போர்வையில் கட்டி முதுகில் சுமந்தபடி, முறுக்கிய தோல்கயிற்று ஏணியை இரு கைகளாலும் பற்றி மூவர் மூவராக ஏறுவார்களாம். முன்னால் செல்பவரின் கட்டைவிரலில் ஒரு மெழுகுவத்தி கட்டப்பட்டிருக்கும்.

கட்டுரையில் இன்னொரு குறையும் உண்டு. அங்கே மக்கள்தொகை சரிந்ததற்கு அம்மையை மட்டுமே காரணமாகக் கட்டுரையாளர் காட்டியிருக்கிறார். கொள்ளைநோய்கள் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், மீத்தாவுக்கு அஞ்சிக் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு ஓடி, வேற்றூரில் நிலமில்லாத வந்தேறிகளாக வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஓடியவர்களுக்காகக் கணக்குக் குறைக்கப்படவில்லை. எஞ்சியிருந்தவர்களே அடிக்கடி முறைக்குப் போக வேண்டியிருந்தது, ஆள் குறைந்தால் ஊர்த்தலைவர் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. இதற்கும் அம்மைக்கும் என்ன தொடர்பு?

1812 வரை சட்டப்படி நீடித்த இந்த முறையைப் பற்றி, அதே கட்டுரையாளரைக் கொண்டே தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை.