குளியலறைக் கைப்பிடி: பாக்கெட்டில் வரும் ஸ்க்ரூ போதாது

ஆசிரியருக்கு,

பெரியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதைப் பற்றி எழுதும் எல்லோரும் கடைசியில் 'கைப்பிடி பொருத்துங்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கடையில் பளபளவென்று ஒரு கம்பியை வாங்கி, பிளம்பரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இப்படி மாட்டியது, முழு எடையும் விழும் முதல் தடவையே பிளக்கோடு (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் உறை) கையில் வந்துவிடலாம். கைப்பிடி இல்லாத இடத்தில் பெரியவர் சுவரைத் தடவித் தடவியாவது நடப்பார். இருக்கிறது என்று நம்பி எட்டிப் பிடித்தவருக்கு அந்த எச்சரிக்கையும் இருக்காது.

பெரும்பாலும் கோளாறு ஸ்க்ரூவின் நீளத்தில் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: டைல்ஸ் 8 மி.மீ., அதை ஒட்டிய கலவை 12 மி.மீ., அதற்குப் பின்னால் பூச்சு 12 மி.மீ. ஆக 32 மி.மீ. தாண்டித்தான் செங்கலே வருகிறது. கம்பியோடு பாக்கெட்டில் வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் 35 முதல் 40 மி.மீ.தான். அது பிடித்துக்கொண்டிருப்பது பூச்சை. துண்டு மாட்டும் டவல் ராடுக்கு அது போதும், ஆளைத் தாங்கப் போதாது. ஒரு கைப்பிடி செங்குத்தாகவோ கிடையாகவோ எந்த இடத்தில் விசை விழுந்தாலும் 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

75 மி.மீ. நீளமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவைத் தனியாக வாங்குங்கள். அதற்கு 10 மி.மீ. நைலான் பிளக், 50 மி.மீ. நீளத்தில். கம்பியின் தட்டில் உள்ள ஓட்டைக்குள் 6 மி.மீ. ஸ்க்ரூ நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு தட்டுக்கு மூன்று ஸ்க்ரூ இருக்கும் கம்பியே நல்லது.

துளை போடும் முன் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கொத்தனார் கலவையை நடுவில் மட்டும் அப்பி ஒட்டியிருந்தால் நான்கு மூலையும் 'டொக் டொக்' என்று வெற்றாக ஒலிக்கும். அந்த மூலையில் ஸ்க்ரூவை இறுக்கினால் டைல்ஸ் விரிசல் விடும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால் (டிரில்லின் துளை முனை), டிரில்லின் ஹேமரை (தட்டித் தட்டித் துளைக்கும் முறை) அணைத்துவிட்டு, மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் டைமண்ட் பிட், கூடவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் ஹேமர்.

அதன்பின் கண் பிட்டிலிருந்து கொட்டும் தூளின் மேல் இருக்கட்டும். முதலில் டைல்ஸின் தூள், அடுத்து சாம்பல் நிறத்தில் சிமெண்ட், பிறகு சிவப்பு. சிவப்பு வந்தபின் குறைந்தது 45 மி.மீ. உள்ளே போக வேண்டும். மொத்த ஆழம் 80 மி.மீ.; பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றி வைத்தால் தடுமாற்றம் இல்லை. சிவப்புக்கு நடுவே மணலாகக் கொட்டினால் இரண்டு செங்கலுக்கு இடைப்பட்ட கலவையில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், இடத்தை மாற்றுங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் பிட் போய், வெளிறிய மாவாக வந்தால் அது ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட் கல்). திடீரென்று பிட் முன்னால் பாய்ந்தால் ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ள சிமெண்ட் கல்). இந்த இரண்டிலும் சாதாரண பிளக்கை நம்பவே கூடாது. கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை நிரப்பி போல்ட்டை இறுக ஒட்டவைப்பது) போடலாம். ஹாலோ பிளாக்கில் அதற்கு, பசை பொந்துக்குள் கொட்டிவிடாமல் பிடிக்கும் வலைக்குழாய் சேர்த்தாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம் போல ஏதாவது இருந்தால், முழுச் சுவரையும் துளைத்து, போல்ட்டுக்குப் பின்னால் மூன்று அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து நட் முடுக்குவது இன்னும் உறுதி. பார்க்க அழகாக இருக்காதுதான்.

துளையில் தங்கிய தூளை ஊதி வெளியேற்றாவிட்டால் பிளக் வழுக்கும். பிளக்கின் வாய் டைல்ஸின் முகத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே போகும்வரை தட்டி இறக்குங்கள். டைல்ஸுக்குள்ளேயே பிளக் விரிந்தால் அன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகு கீறல் விடலாம். ஸ்க்ரூவுக்கு முன் துளையில் கொஞ்சம் சிலிக்கான் விட்டால் சுவருக்குள் ஈரம் இறங்காது. தட்டின் மேல்புறமும் பக்கங்களும் சிலிக்கான் பூசி, அடிப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே. ஒரு நாள் காய்ந்தபின், வீட்டில் எடை கூடின ஆள் ஒருவர் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, மெல்ல மெல்ல முழு எடையையும் கொடுத்துப் பார்க்கட்டும். இந்தச் சோதனையைப் பெரியவரிடம் விடாதீர்கள்.

துளை போடக் கூடாத இடங்களும் உண்டு. குழாய், ஷவர், கீசர் ஆகியவற்றின் நேர் மேலும் கீழும் பைப் ஓடும்; பக்கவாட்டிலும் ஓடலாம். கீசர் சுவிட்சிலிருந்து வயரும் சுவருக்குள்தான் வருகிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து கரண்ட் இழுத்து டிரில் போடலாம் என்று நினைக்கிறார்கள். மெயின் அணைந்தால் அந்த அறையிலும் கரண்ட் இருக்காது. குளியலறை லைனின் எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி பாதுகாப்பு சுவிட்ச்), கீசருக்குத் தனி எம்சிபி இருந்தால் அதையும் அணைத்தால் போதும்.

எங்கே பொருத்துவது என்பதைப் பயன்படுத்துபவர்தான் சொல்ல வேண்டும். கமோட்டில் உட்கார வைத்து, முழங்கை லேசாக மடங்கும் உயரத்தில் பென்சிலால் குறியுங்கள். பொதுவாக அது சீட்டிலிருந்து எட்டு, பத்து அங்குல உயரம் வரும். எழும்போது உடம்பு முன்னால் சாய்வதால் செங்குத்தாக இன்னொரு கம்பி கமோட்டின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி வேண்டும். இரண்டும் சேர்ந்த 'எல்' வடிவக் கம்பி கிடைக்கிறது. சாய்வாக மாட்டாதீர்கள், சோப்புக் கை சறுக்கும். பக்கவாதம் வந்தவர் என்றால் பலமுள்ள கையின் பக்கம். பல வீடுகளில் விட்டுப்போவது வாசல்: படி ஏறி இறங்கும் இடத்தில் ஓரடி நீளக் கம்பி ஒன்று செங்குத்தாக இருந்தே ஆக வேண்டும். பக்கெட்டில் மொண்டு குளிப்பவருக்கு, ஸ்டூலிலிருந்து எழும் இடத்தில் இன்னொன்று. ஸ்டூல் காலில் ரப்பர் இல்லாவிட்டால் அந்தக் கம்பியாலும் பயனில்லை.

கம்பி ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலத் தடிப்பில், கண்ணாடிபோல் மின்னாமல் சொரசொரப்பாக இருக்கட்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதைவிட அதிகமானால் விழும்போது முன்கை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊரில் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டினால் மயங்க வேண்டாம். சீக்கிரம் துருப்பிடிக்கும் 202 தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. ரப்பர் கப்பை அழுத்தி ஒட்டும் கைப்பிடியைப் பெரியவர்களுக்கு வாங்கவே வாங்காதீர்கள். காற்று புகுந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் விடும்.

வாடகை வீட்டில் ஓட்டை போட விடமாட்டார்கள் என்றால், கமோட்டைச் சுற்றித் தரையில் நிற்கும் ஃபிரேம் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

புது வீடு கட்டுவோருக்கும் அடுக்குமாடி கட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏஏசி பிளாக் சுவரானால், கமோட்டுக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து இரண்டடி முதல் ஐந்தடி உயரம் வரை கெட்டிச் செங்கலோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன், பைப்பும் வயரும் ஓடும் சுவர்களை அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்து, சாவியோடு அதையும் வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
திருச்சி