கடைசி அத்தியாயம் குறித்து, மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய நாவலை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மூன்று ராத்திரியில் படித்து முடித்துவிட்டேன். இருவரும் பார்த்த மாத்திரத்தில் காதலிப்பதைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். இளையோர் நாவல் படிக்கிறவர்கள் அதை ‘இன்ஸ்டா லவ்’ என்று குறை சொல்கிறார்களாமே.

அதில் கை வைக்காதே. மதுரையில் பிறந்தவள் இதற்குப் பயப்படலாமா? திசையெல்லாம் வென்று கயிலாயம் வரை படையோடு போன தடாதகை, நம் மீனாட்சிதான், எதிரே சிவனைக் கண்டதும் நாணி நின்றாள், கணவனாக வருபவனைக் கண்டால் மறையும் என்றிருந்த அவளுடைய மூன்றாவது மார்பு அப்போதே மறைந்தது என்கிறது திருவிளையாடற் புராணம். சித்திரைதோறும் அந்தத் திருக்கல்யாணத்தன்றுதானே நாங்கள் தாலிச்சரடு மாற்றிக்கொள்கிறோம்! உன் பையன் ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உசிலம்பட்டி வரை நின்றுகொண்டே வருகிறான். 18 வயதில் மனம் போவதற்கு அது போதும்.

எனக்கு ஆறாதது கடைசி அத்தியாயம். ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன் இரண்டு வருடம் கழித்து மழையில் நனைந்தபடி வந்து நிற்கிறான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதானா? அவள் அழுத ராத்திரிகளையெல்லாம் எழுதியவள் நீதானே?

கண்ணகியை நினைத்துப் பார். கல்யாணத்தில் அவளுக்கு 12 வயது, கோவலனுக்கு 16. மாதவியைப் பிரிந்து திரும்பியவன், புகார் நகரில் பொருள் தொலைந்த வெட்கத்தைச் சொல்கிறான். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் அவள். அதையே மன்னிப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுரைக்கு வந்து, ஆயர் வீட்டில் அவள் சமைத்ததை உண்ட பிறகுதான் அவன் தன் தவறுகளை வாய்விட்டுச் சொல்லி, எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே என்று கலங்குகிறான். அவளும் அப்போதுதான் மனம் திறக்கிறாள். ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதன் பிறகே அவன் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். திரும்பி வரவில்லை. அந்தப் பேச்சு மட்டும் நடக்காமல் போயிருந்தால் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உனக்கு மூன்று வயதில் அவர் எட்டு மாதம் நம்மோடு இல்லை. வெளியூர் வேலை என்று உன்னிடம் சொல்லிவைத்தோம். அது உண்மையில்லை. கடனையும் நம்மையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் திருமங்கலத்திலிருந்து வந்து தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்காருவார். செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். உனக்கு வாங்கி வந்த சேவுப் பொட்டலத்தைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். நான்கு ஞாயிறு இப்படி. ஐந்தாவது ஞாயிறு பொட்டலம் இல்லை, ஒரு நோட்டு இருந்தது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதியிருந்ததை வரிவரியாக வாசித்தார். கடைசி வரியில் எனக்குத் தெரியாமல் அடகு வைத்த என் வளையல். பாப்பா காய்ச்சலில் கிடந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் சொன்னார். கேட்கப் பிடிக்காத பதில், ஆனால் பொய் இல்லை. அன்றைக்குத்தான் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

மழை வேண்டுமானால் பெய்யட்டும். உன் பெண் அவனைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். அவன் என்ன சொல்வான் என்று உனக்கே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அதைக் கண்டுபிடித்து எழுது.

திருத்தியதும் அனுப்பு. அப்பாவும் படிக்க வேண்டும் என்கிறார், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா