'சடங்குப் பொருள்' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அகழாய்வுச் செய்திகளில், எதற்குப் பயன்பட்டது என்று புரியாத பொருளெல்லாம் 'சடங்குப் பொருள்' ஆகிவிடுகிறது. பாதிப் பழி தொல்லியலாளர்களுடையதுதான். துறைக்குள்ளேயே இது பழைய கேலி.

ஈராக்கின் குர்திஸ்தான் மலைப்பகுதியில் உள்ள சானிதார் குகையைப் பாருங்கள். 1960-இல் தொல்லியலாளர் ரால்ஃப் சொலெக்கி அங்கே நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தைச் சேர்ந்த ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். சுற்றியிருந்த மண்ணில் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருப்பதை மகரந்த ஆய்வாளர் ஆர்லெட் லெரோய்-குரான் கவனித்தார். இறந்தவரைப் பூக்களின்மேல் கிடத்தினார்கள் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. ஆனால் பூந்தலைகளை வளைக்குள் இழுத்துச் சேர்க்கும் கொறிவிலங்குகள் அந்தப் பக்கத்தில் உண்டு. 2023-இல் வந்த மறுஆய்வு, மண்ணில் கூடு கட்டும் தேனீக்களையும் சேர்த்துக் காட்டியது. ஒரே கொத்தில் பல செடிகளின் மகரந்தம் கலந்திருந்தது. முழுப் பூவாக வைத்திருந்தால் அப்படிக் கலந்திருக்காது. பூ போயிற்று, புதைப்பு போகவில்லை. குகையின் அதே இடத்தில் பல உடல்கள் அடுத்தடுத்துக் கிடப்பது பூவைவிட உறுதியான சான்று.

சடங்கைக் காட்டுவது பொருளல்ல, அது கிடந்த கிடை. வாசற்படிக்கு அடியில் ஒரு பானை என்று வைத்துக்கொள்வோம். அதற்கென்று குழி வெட்டியிருக்கிறார்களா? நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா? மூடி உண்டா? வெளிப்புறம் புகைக்கரி படிந்திருந்தால், அடுப்பில் இருந்த பானையைத்தான் பிறகு புதைத்திருக்கிறார்கள். இதே கிடை நாலைந்து வீடுகளில் திரும்ப வந்தால்தான் வழக்கம் என்று பேசத் தொடங்கலாம்.

பானையை எடுத்தவுடன் கழுவுவதுதான் பெரிய கேடு. உள்ளே இருக்கும் மண்தான் பாதிச் சான்று. அதைத் தனியே எடுத்து நீரில் மிதக்கவிட்டு 0.3 மி.மீ. வலையில் வடித்தால் கரிந்த விதைகள் கிடைக்கும். மட்பாண்டச் சுவரில் ஊறிய கொழுப்பைச் சோதிக்க 2 கிராம் ஓட்டுத்தூள் போதும், மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிய பிறகு. ஆனால் வெறுங்கையால் தொட்டால் விரல் எண்ணெய் கலந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள் ஒட்டும். அலுமினியத் தாளில் சுற்றுவதே நல்லது.

மானிடவியலாளர் வேலை இதற்கு நேர் மறுபக்கம். சடங்கு அவர் கண்முன் நடக்கிறது. 'ஏன் செய்கிறீர்கள்?' என்று கேட்டால் 'பெரியவர்கள் செய்தார்கள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'இந்தப் பொருள் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? யார் தொடக்கூடாது? முடிந்ததும் எங்கே போடுவீர்கள்?' என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தொல்லியலாளர் கைக்கு வருவதோ அந்தக் குப்பை மட்டும்தான்.

இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் உள்ள பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் நல்ல உதாரணம். மடகாஸ்கரைச் சேர்ந்த தொல்லியலாளர் ரமிலிசோனினா, தம் நாட்டில் கல் முன்னோருக்கு, மரம் உயிரோடு இருப்பவர்களுக்கு என்று சொன்னார். அதைக்கொண்டு அவரும் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சனும், ஸ்டோன்ஹெஞ்சின் கல் வட்டம் இறந்த முன்னோருக்கு, அருகிலிருந்த மர வட்டங்கள் உயிரோடு இருந்தவர்களுக்கு என்ற கருதுகோளை 1998-இல் முன்வைத்தார்கள். இரண்டு நாட்டுக்கும் உறவே இல்லை. ஆகவே அது சான்றல்ல, எங்கே தோண்டுவது என்பதற்கான குறிப்புதான். கல் வட்டத்தில் எரியூட்டிய எலும்புகள் கிடைத்தன. சுமார் 3 கி.மீ. தள்ளி, மரத்தூண் வட்டங்கள் இருந்த டரிங்டன் வால்ஸில் வீட்டுத் தரைகளும் பன்றி எலும்புக் குவியல்களும். பல பன்றிகள் ஏறக்குறைய 9 மாதத்தில் கொல்லப்பட்டதைப் பற்கள் காட்டுகின்றன. வசந்தத்தில் பிறந்தவை என்றால் விருந்து நடுக்குளிர்காலத்தில். இந்தக் கணக்கு தவறென்று நாளை யாராவது காட்டலாம், காட்டுவதற்கு வழியும் இருக்கிறது.

எனவே தங்கள் நாளிதழில் இத்தகைய செய்தி வரும்போது பொருளின் படத்தோடு அது மண்ணில் கிடந்த நிலையின் படத்தையும், எந்த அடுக்கில், எவற்றோடு கிடைத்தது என்பதையும் இரண்டு வரி சேர்த்து வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
தொல்லியல், மானிடவியல் துறை வாசகர்கள் சிலர்