நிலநடுக்க நிலைக்கு மாறாத அதிர்வுத் தடுப்பு மேடை குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பைத் தரை அதிர்விலிருந்து காக்க நீங்கள் நிறுவிய மேடை பற்றி அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்ற ஒரே பதில்தான் வருகிறது. தொலைபேசியில் கேட்டால் விற்பனைப் பிரிவு சேவைப் பிரிவைக் கைகாட்டுகிறது. சேவைப் பிரிவு பெங்களூரைக் கைகாட்டுகிறது. அலுத்துப்போய் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2025 ஜூலை 30 அதிகாலை, நம் நேரப்படி 4.54க்கு, ரஷ்யாவின் கம்சாட்கா கடலோரத்தில் 8.8 அளவில் நிலநடுக்கம். சென்னையிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மேற்பரப்பு அலைகள் இங்கே வந்து சேர அரை மணிக்கும் அதிகமாகும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை வந்ததும் மேடை தானாகவே நிலநடுக்க நிலைக்கு, அதாவது தரையோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும் நிலைக்கு, மாறிவிடும் என்று மடிக்கணினியில் செய்து காட்டித்தானே விற்றீர்கள்? எச்சரிக்கை வந்தது, மேடையை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டியின் பதிவிலேயே இருக்கிறது. மேடைதான் மாறவில்லை.

இருபது வினாடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும் அலை அது. தரையோடு சேர்ந்து அசைந்து கொடுத்திருந்தால் மைக்ராஸ்கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்து அறையில் காற்றுக் கால்களில் நிற்கும் பழைய மேசை அப்படித்தான் தப்பித்தது. உங்கள் மேடையோ அசையவே மாட்டேன் என்று தரையோடு மல்லுக்கட்டி, மேடையை நகர்த்தும் ஆக்சுவேட்டர்கள் எல்லை வரை போய்த் தடுப்பில் முட்டி, எகிறி, மறுபடியும் முட்டியது. மைக்ராஸ்கோப்பின் ஊசிமுனை மாதிரிப்பொருளுக்குள் இறங்கிவிட்டது. விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளை அளக்கும் அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடங்களில் இத்தகைய எச்சரிக்கை வந்தால் கட்டுப்பாட்டு முறையையே மாற்றிவிடுகிறார்கள். உங்கள் விற்பனைக் கையேட்டின் முதல் பக்கத்தில் இருப்பதும் அவர்களுடைய படம்தான்!

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். உங்கள் உதவி மைய ஊழியர் சொன்ன பதில்: "மேடம், ரஷ்யாவில் பூமி ஆடினால் நாங்கள் பொறுப்பா? சென்னையில் உட்கார்ந்துகொண்டு நிலநடுக்கம் என்று கதை விடாதீர்கள்." கதையா? 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுங்கியபோது சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்களே, அதுவும் கதையா? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார். அந்த அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து கேட்டுப்பாருங்கள்.

கண்ட்ரோலர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று ரயிலில் மடியில் வைத்துப் பெங்களூருக்குச் சுமந்துபோனேன். மேடை இல்லாமல் பெட்டியை மட்டும் சோதிக்க முடியாதாம்! அரை டன் மேடையையும் மடியில் வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அங்கேதான், போகிற போக்கில், நிலநடுக்க நிலைக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். விலைப்புள்ளியில் அப்படி ஒரு வரி கிடையாது.

ஒரு மாணவியின் முனைவர் பட்ட உழைப்பு முழுவதும் மண்ணாகிவிட்டது. எங்கள் ஆய்வகமே முடங்கிவிட்டது.

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் மதிப்பு வைத்திருக்கிறேன். ஆக்சுவேட்டர்களைக் கட்டணமின்றி மாற்றி, உரிமத்தைச் செயல்படுத்தி, எங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டுங்கள். இம்மாத இறுதிக்குள் நடக்காவிட்டால், நீங்கள் கொடுத்த வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கும்படி கணக்குப் பிரிவுக்கு எழுதுவேன். இனி உங்கள் ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டாம் என்று கொள்முதல் குழுவுக்கும் எழுதுவேன். அனுப்பும் பொறியாளர், சென்ற முறை வந்தவரைப் போல ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போகிறவராக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்,
இயற்பியல் துறை