சுலபமான அழைப்புகள் எங்கே போயின?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு வந்தால் யார் யாருக்கு வேலை போகும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. எனக்கு வேலை போகவில்லை. தொண்டைதான் போயிருக்கிறது. அதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

சென்னையில் ஒரு கால் சென்டரில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 43. தமிழ் பிராசஸ், அதாவது தமிழில் பேசும் வாடிக்கையாளர்களுக்கான பிரிவு. சேவை எண்ணுக்கு அடித்து, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, எரிச்சலின் உச்சிக்குப் போன பிறகு ஒரு பெண் குரல் வருமே, அதில் ஒன்று என்னுடையது. நீங்களே என்னைத் திட்டியிருக்கலாம். பரவாயில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரு ஷிப்டுக்கு 110, 120 அழைப்பு எடுப்பேன். இப்போது 60, 65தான். "பாதியாகக் குறைத்துவிட்டோமே, இன்னும் என்ன?" என்கிறது நிர்வாகம். காகிதத்தில் அது சரிதான். ஆனால் எந்தப் பாதி குறைந்தது என்று பாருங்கள். பில் எவ்வளவு, கடைசித் தேதி என்றைக்கு, கட்டிய பணம் ஏறிவிட்டதா, இப்படிக் கேட்பவர்களுக்கெல்லாம் இப்போது இயந்திரமே பதில் சொல்லிவிடுகிறது. ஒன்றரை நிமிடத்தில் முடிகிற, "சரிம்மா, தேங்க்ஸ்" என்று வைத்துவிடுகிற அழைப்புகள் அவை. ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் அவைதான் எங்களுக்கு மூச்சு. மிச்சமிருப்பதெல்லாம் இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள், மூன்று வாரமாக ஆள் வரவில்லை, அதோடு அந்த இயந்திரத்தோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்கிற ரகம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, எடுத்த எடுப்பிலேயே கோபமாக இருக்கிறவர்களோடு மட்டும் பேசிப் பாருங்கள்.

இதற்கு மேல் இன்னொன்று. முன்பு அழைப்பு முடிந்ததும் நோட்ஸ் டைப் செய்ய 40 வினாடி இருக்கும். இப்போது பேசியதன் சுருக்கத்தை அதுவே எழுதிவிடுகிறது. என் மணிக்கட்டு வலி குறைந்தது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த 40 வினாடியில்தான் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்போம், பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வோம். இப்போது ஒருவர் வைத்தவுடனே காதில் அடுத்த 'பீப்' விழுந்துவிடுகிறது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் அந்த நிமிடங்கள் கணக்கில் ஏறும் என்று எங்களில் பல பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொண்டார்கள். சிறுநீர்த் தொற்று என்று லீவு போடாத பெண் எங்கள் வரிசையில் அபூர்வம்.

அப்புறம் மதிப்பெண். முன்பு குவாலிட்டி டீமில் ஒரு அக்கா மாதத்துக்கு ஐந்து அழைப்பைக் கேட்டு மார்க் போடுவார். "அந்த ஆள் அப்படித்தான், உன்மேல் தப்பில்லை" என்று ஒன்றைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார். இப்போது ஒன்று விடாமல் எல்லாவற்றையும் இயந்திரம் கேட்கிறது. திரை ஓரத்தில் ஒரு குட்டி முகம், பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் குரலில் எவ்வளவு பரிவு இருக்கிறது என்று அது அளக்கிறதாம். எம்பதி ஸ்கோர் என்று பெயர்.

ஒருநாள் பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் பேசினார். தறிப் பட்டறைக்குள் நின்றுகொண்டு பேசுகிறார், தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் எனக்குக் கேட்கும். இயந்திரம் 'வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார், வருத்தம் தெரிவிக்கவும்' என்று சிவப்பைக் காட்டியது. தெரிவித்தேன். மறுபடியும் காட்டியது. மறுபடியும் தெரிவித்தேன். மூன்றாவது தடவை அவர், "ஏம்மா, நீ எதுக்கு சும்மா சும்மா மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் மார்க் போயிற்று.

சிரிப்பு அதோடு சரி. போன தீபாவளிக்குப் பிறகு என் குரல் கம்மத் தொடங்கியது. கம்மிய குரலில் பரிவு தெரியாது போலிருக்கிறது, ஸ்கோர் இறங்கியது. ஸ்கோர் இறங்கினால் மாதம் 3,500 ரூபாய் இன்சென்டிவ் போய்விடும், மகளின் காலேஜ் பஸ் கட்டணமே அதில்தான் ஓடுகிறது. அதனால் குரலை வலிய மேலே தூக்கி, இனிப்பாகப் பேசினேன். முகம் பச்சையானது. தொண்டை இன்னும் மோசமானது. காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். பெண்கள் பேசும்போது அந்த நாண்கள் ஒரு வினாடிக்குச் சுமார் 200 தடவை மோதிக்கொள்ளுமாம், டீச்சர்களுக்கும் பாடகர்களுக்கும் வருகிற நோய்தானாம் இது. பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றார்.

முன்பெல்லாம் தொண்டை கட்டியவர்களையும் கர்ப்பிணிகளையும் சில வாரங்களுக்கு மெயில், சாட் பக்கம் மாற்றிவிடுவார்கள். பேச வேண்டாம், எழுதினால் போதும். நானும் போய்க் கேட்டேன். "அந்த சீட்டே இப்ப இல்லையே, எல்லாம் சாட்பாட் மெஷின்தான் பார்க்குது" என்றார்கள். கஷ்டமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு லேசானதை மனிதனுக்கு விட்டுவைக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸில் நடந்தது அப்படியே தலைகீழ்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையிடத்தில் ஊழியரின் முகத்தையோ குரலையோ வைத்து அவர் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும்தான் விலக்கு. நம் மாநிலமும் இந்த மாதிரி விஷயத்தில் பின்தங்கியதல்ல. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்களுக்காக 2021இல் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தோம். எங்களுக்கு நாற்காலி இருக்கிறது. எழுந்திருக்கத்தான் வழியில்லை. ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது ஒரு நிமிடம் விட வேண்டும் என்று தொழிலாளர் துறை ஒரு விதி போட்டால் அந்த 2021 திருத்தத்துக்குச் சமமாக இருக்கும். இயந்திரம் போட்ட மார்க்கை வைத்துச் சம்பளத்தில் கை வைக்கும் முன்பு, ஒரு மனிதர் அந்த அழைப்பைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு என்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், எங்களைப் போலப் பேசியே பிழைப்பவர்களுக்குத் தொண்டையையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டர் சொன்ன பத்து நாளில் எனக்குக் கிடைத்த லீவு நாலு நாள். பேசக் கூடாது என்பதால் வீட்டில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதித்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதமும் அதே நோட்டில் எழுதியதுதான். திங்கட்கிழமை காலை ஷிப்ட்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
மேடவாக்கம், சென்னை

(வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)