உழைக்கிறதா, காத்திருக்கிறதா?

அன்புள்ள கண்ணா,

நேற்று இரவு உன் குரலே சரியில்லை. "டைம்அவுட் வந்துகொண்டே இருந்தது அம்மா. 30 நொடியை 120 ஆக்கினேன், நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு நீ தூங்கப் போய்விட்டாய். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. போனில் சொன்னால் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில், டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, அதாவது குவெரி, அதற்குள் முடியாவிட்டால் டைம்அவுட் என்று கைவிடும் அந்த 30 நொடி யார் வைத்த கெடு? டேட்டாபேஸ் வைத்ததல்ல. உங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை நாமாக மாற்றாதவரை அது 0, அதாவது கெடுவே இல்லை. உங்கள் நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் டாட்நெட் டிரைவர் தானாக எடுத்துக்கொள்ளும் அளவுதான் 30. பயனரின் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் முன்னால் நிற்கிறது என்றாயே, அதற்கும் ஒரு பொறுமை உண்டு. வழக்கமாக 60 நொடி. நீ 120 வைத்தால் என்ன ஆகும்? 60-இல் பயனர் 504, அதாவது 'நேரத்துக்குள் பதில் வரவில்லை' என்ற பிழையைப் பார்ப்பார். ரத்து செய்யும்படி நிரலில் எழுதாவிட்டால் குவெரி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அவர் சலித்துப்போய் மறுபடி அழுத்துவார். இப்போது இரண்டு ஓடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு காலை, பில் எண் தப்பாக இருக்கிறதென்று கையால் திருத்தப் போனேன். பிகின் போட்டுத் தொடங்கினேன், அப்டேட் போட்டு மாற்றினேன், கமிட் போட்டு முடிப்பதற்குள் மீட்டிங்கிற்குக் கூப்பிட்டார்கள். அடுத்த பில் எண்ணை வைத்திருக்கும் ஒற்றை வரி அது. பில் போடும் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். நான் கமிட் போடும்வரை அதில் என் பூட்டு. சற்று நேரத்தில் எல்லாத் திரையிலும் டைம்அவுட். ஓடி வந்து நான் செய்த முதல் காரியம், உன்னைப்போலவே கெடுவை நீட்டியது! 30 நொடியில் விலகிப் போயிருக்க வேண்டியவை இப்போது ஐந்து நிமிடம் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றன. எல்லாப் பக்கங்களும் பகிர்ந்துகொள்ளும் இணைப்புத் தொகுப்பான பூலில் இருந்த 100 இணைப்பும் தீர்ந்து, பில்லுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் படுத்துவிட்டன. சர்வரைத் திட்டினேன், நெட்வொர்க்கைத் திட்டினேன். கடைசியில், டேட்டாபேஸில் யார் என்ன செய்கிறார் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்தால் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா நிற்கிறது, என்று ஒரு வரி. பக்கத்தில் என் பெயர்.

சிபியூ அன்று சும்மா கிடந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் குவெரி உழைக்கிறதா, பூட்டுக்காகக் காத்திருக்கிறதா? அதைப் பார்க்காமல் எதையும் தொடாதே. பிழை வரும் நேரத்திலேயே பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார். வெயிட் ஈவென்ட் டைப்பில் 'லாக்' என்றிருந்தால் பிஜி பிளாக்கிங் பிட்ஸைக் கேள், யார் மறிக்கிறார் என்று சொல்லிவிடும்.

உழைக்கிறது என்றால், குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்ற பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போடு. அது குவெரியை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும், டெலீட் மீது விளையாட்டாகப் போட்டுவிடாதே. பத்து வரி வரும் என்று கணித்த இடத்தில் லட்சக்கணக்கில் வந்திருந்தால், டேபிளைப் பற்றி டேட்டாபேஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழசாக இருக்கலாம். அதைப் புதுப்பிக்க அந்த டேபிளுக்கு ஒரு அனலைஸ் போடு. இன்னொன்று, நேற்று நீ வாசித்துக் காட்டிய 'வேர்' (WHERE) என்ற நிபந்தனைப் பகுதி என் காதில் இடித்தது. தேதி நெடுவரிசையை டேட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறாய். அப்படிச் சுற்றிவிட்டால் அதன்மேல் தேடலை வேகப்படுத்த இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. அந்த நாளின் தொடக்கத்திற்குச் சமம் அல்லது பின், மறுநாள் தொடக்கத்திற்கு முன் என்று எழுதிப் பார். என் சந்தேகம் இங்கேதான்.

புது இண்டெக்ஸ் போட நேர்ந்தால் கன்கரன்ட்லி என்பதை மறக்காதே. இல்லையென்றால் அது முடியும்வரை யாரும் அந்த டேபிளில் எழுத முடியாது.

பிளானை எனக்கு அனுப்பு. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே அனுப்பு. என் கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை.

அன்புடன்,
அம்மா