மாடிக்கு மணியா, ஷீட்டா?

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதையா,

பென்னாகரம் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லையா?

தளத்தின் மேல் போடும் சிமெண்ட் கலவையில் தெர்மோகோல் மணியைக் கலந்தால் வீட்டுக்குள் சூடு இறங்காது என்று கொத்தனார் சொல்வதாகக் கேட்டிருந்தாய். குறையும், ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. கலவை வெப்பத்தைக் கடத்தும் திறன் 1 என்று வைத்துக்கொண்டால் தெர்மோகோலுக்கு ஏறக்குறைய 0.035. கன அளவில் பத்துக்கு மூன்று பங்கு மணி கலந்தால் என்ன வரும்? மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் 1873இல், துகள் கலந்த பொருளில் மின்சாரம் பாய்வதற்கு எழுதிய சூத்திரம் வெப்பத்துக்கும் பொருந்தும். போட்டுப் பார்த்தேன்: 0.63. அதே மூன்று பங்கை ஷீட்டாக நடுவில் விரித்தால் 0.11தான்!

கணக்கை நம்பி உன்னிடம் சொல்லிவிட மனசு வரவில்லை. இரண்டு சின்னப் பலகை வார்த்து, காய்ந்தபின் செங்கல் மேல் தூக்கி வைத்து வெயிலில் விட்டேன். மதியம் மூன்று மணிக்கு அடியில் கை வைத்தால் மணி கலந்தது நன்றாகவே சுட்டது, ஷீட் வைத்தது இளஞ்சூடு. அப்புறம் முதல் பலகையை உடைத்துப் பார்த்தேன். பாயசத்து ஜவ்வரிசி மாதிரி மணிகள் தனித்தனியாக நிற்க, சுற்றிலும் சிமெண்ட் விட்டுப்போகாமல் ஓடுகிறது. சூடு அந்த வழியாக இறங்கிவிடுகிறது. பாதி மணி மேலே மிதந்து ஒதுங்கியும் இருந்தது.

ஒசூரில் எங்கள் வேலையே இதற்கு நேர் எதிர். எபாக்சி என்ற பிசினில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூளைக் கலந்து சூட்டை வெளியே அனுப்பப் பார்க்கிறோம். எபாக்சி 0.2, அலுமினா சுமார் 30. முப்பது சதவீதம் கலந்தால் சராசரிக் கணக்கு 9 என்று ஆசை காட்டும். மாக்ஸ்வெல் கணக்கில் 0.45தான். துகள்கள் ஒன்றையொன்று தொட்டு வழி அமைத்தால்தான் நன்றாக ஏறும்.

சரி, உன் மாடிக்கு வருவோம். பத்து சென்டிமீட்டர் கனம் என்றால் மூன்று சென்டிமீட்டர் ஷீட், மேலே கலவை. ஆனால் முதலில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள். தெர்மோகோலில் வேலை செய்வது உள்ளே அடைபட்ட காற்று; அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூரா மாம்பழம் ஒரு கூடையோடு வருகிறேன். அதுவரை கலவை போட விடாதே.

அன்புடன்,
சென்னப்பன்